உப்பனாற்றங்கரையில் ஒரு கொட்டை

பண்ணைக்காட்டிலிருந்து பழம் வந்தது.
மலைக்கு வஞ்சிரம் ஏற்றிப்போகும் வேன்
திரும்பும்போது சும்மா வருமா?
சவரிமுத்து என் மேசையில் ஒன்றை வைத்து
'பட்டர் ஃப்ரூட்டு, பில்லுக்காரம்மா.
சீனி போட்டு அடிச்சுக் குடிங்க' என்றார்.

குடித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.
கொட்டையைத்தான் எறிய மனம் வரவில்லை.
வழுக்கிக்கொண்டு, முட்டைக் கனத்தில்,
கயிறு சுற்றாத பம்பரம் மாதிரி இருந்தது.

மூன்று ஈர்க்குச்சி குத்தி
ஹார்லிக்ஸ் பாட்டில் வாயில் உட்காரவைத்தேன்,
தட்டைப் பக்கம் தண்ணீரில், கூர் மேலே.
மலைச்செடி, குளிர் வேண்டுமென்று
நானாகவே முடிவுகட்டி
ஐஸ் அறை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன்.
கடலூரில் அதைவிடக் குளிர்ந்த இடம்
பிணவறை ஒன்றுதான்.

வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினேன்.
ஐந்தாம் வாரம் மேல்தோல் உரிய
துளிர்தான் என்று அஞ்சப்பனைக் கூப்பிட்டேன்.
கம்ப்ரசர் எண்ணெய்க் கையோடு குனிந்தவர்
'உள்ள இருக்கறவன் இன்னும் எழுந்திரிக்கலம்மா' என்று
அம்மோனியா வால்வைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுபது நாள்.
படகுகள் போயின, வந்தன, சில நாள் வெறுமனே வந்தன.
இரண்டு பில் புத்தகம் தீர்ந்தது.
கொட்டை கொட்டையாகவே இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் புயல்.
கூரைத் தகரம் ஆறு, ஆற்றோடு போனது.
ஜெனரேட்டர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.
ஒன்பது நாள் கரண்ட் இல்லை.
ஐஸ் முதலில் வியர்த்தது,
அப்புறம் மூலைகள் உருண்டன,
அப்புறம் சத்தமே இல்லாமல்
வாசல் தாண்டி
உப்பனாற்றைப் பார்த்து நடந்தது.
ஐம்பது கிலோ பார், நானூற்றுப் பதினெட்டு.
முதலாளி எண்ணச் சொன்னார்.
எண்ண எண்ணக் குறைந்துகொண்டே இருந்ததால்
பழைய கணக்கைப் பார்த்துத்தான் எழுதினேன்.
ஊறிய உமி நாறியது.
பதினேழு வருஷத்தில் முதல்தடவையாக
அந்த அறையில் எனக்கு வேர்த்தது.

பத்தாம் நாள் ஜன்னலைத் திறந்தால்
கொட்டை நெடுக்காகப் பிளந்திருக்கிறது.
அடியில் ஒரு வேர்,
வெள்ளையாக, பல்லிவால் நீளத்துக்கு.

எங்களை நட்டப்படுத்திய வெக்கைதான்
அதற்கு வேண்டியிருந்திருக்கிறது.
முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது சித்திரை. பெயிண்ட் வாளியில் ஒன்பது இலை.
நுனியெல்லாம் நெருப்பு பட்டாற்போல் கருகல்:
ஊர்த் தண்ணீரின் உப்பு.
அஞ்சப்பன்தான் வழி கண்டுபிடித்தார்.
பார் உறையும்போது உப்பெல்லாம்
நடுவே ஒதுங்கி வெள்ளைத் தண்டாக நிற்கும்.
அதை விடு,
கண்ணாடியாக இருக்கிற ஓரத்தை உடை,
உருகட்டும், 'ஆறவிட்டு ஊத்து' என்றவர்
தானே சிரித்து
'சூடேறவிட்டு' என்று திருத்தினார்.

புதுக் கணக்கில் தினம் ஒரு வரி எழுதுகிறேன்:
உடைந்த ஐஸ், ஒரு கிலோ, உள்செலவு.
ஆடிட்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று சவரிமுத்து வாளியைச் சுற்றிப் பார்த்தார்.
'கொட்டைச் செடி. காய்க்க எட்டு வருஷம், பத்தும் ஆகும்.
காய்க்காமலும் போகும். எங்க பக்கம்
ஒட்டுக் கட்டிடுவோம்.
அதுவரைக்கும் இந்தக் கம்பெனி இருக்குமா?'

பதினாறு பாருக்கு பில் கிழித்துக் கொடுத்தேன்.
வேன் கிளம்பிய புகை அடங்கியதும் பார்த்தேன்,
பத்தாவது இலை,
இன்னும் விரியவில்லை,
செம்புக் கம்பி நிறத்தில்.